உடன்பிறந்தவனும் மூத்தவனும்: ஆல்பர்ட் சுவைட்சரின் லம்பரேனே நூலில் வறுமை, விசுவாசம், கடன்

ஆய்வுச் சுருக்கம்

ஆல்பர்ட் சுவைட்சர் 1913 முதல் 1917 வரை மத்திய ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் மருத்துவராகப் பணியாற்றிய பட்டறிவைப் பதிவுசெய்த நூல் 1921இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஐசுவரியவானும் லாசருவும் என்னும் விவிலிய உவமையில் அந்நூல் தொடங்குகிறது. ஆப்பிரிக்கரை உடன்பிறந்தவர் என ஓரிடத்திலும், இளைய உடன்பிறந்தவர் என மற்றோரிடத்திலும் அது குறிக்கிறது. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலான முரணை நூலின் அகச்சான்றுகளைக் கொண்டே இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசிரியர் வகுத்த வாய்பாட்டை அவரே பதிவுசெய்த நிகழ்ச்சிகள் மறுக்கின்றன என்பதும், இதனை உணர்வதற்குத் தமிழின் உறவுமுறைச் சொற்களும் திருக்குறளின் இரவச்ச அதிகாரமும் துணைநிற்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: சுவைட்சர், லம்பரேனே, பயண இலக்கியம், லாசரு உவமை, கிறித்தவ மறைப்பணி, உறவுமுறைச் சொற்கள், திருக்குறள், இரவச்சம்

1. முன்னுரை

தமிழ்ப் புலமையுலகில் சுவைட்சரின் (1875–1965) பெயர் பெரும்பாலும் திருக்குறளோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. இந்தியச் சிந்தனையாளர்களின் உலக நோக்கு குறித்து 1935இல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட நூல், மறு ஆண்டே ஆங்கிலத்திற்கு வந்தது. அந்நூலில் குறளை உலக ஏற்பும் அன்பறமும் செயலூக்கமும் கொண்ட நூலாக அவர் மதிப்பிட்டார். இத்துணை உயர்ந்த அறிவு செறிந்த அறவுரைத் தொகுப்பு உலக இலக்கியத்தில் அரிது என்னும் கருத்தையும் முன்வைத்தார். அம்மதிப்பீடு மேடைகளிலும் நூல்களின் முன்னுரைகளிலும் குறளுக்கு ஒரு நற்சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

நற்சான்று தருபவர் எந்த இடத்தில் நின்று அதனைத் தருகிறார் என்னும் வினா மிக அரிதாகவே எழுப்பப்படுகிறது. குறளை எழுதிய மக்களை நூல்வழியாக அறிந்த சுவைட்சர், ஆப்பிரிக்க மக்களோடு நேரில் வாழ்ந்தவர். ஆகவே பிற மக்களைக் காணும் அவருடைய பார்வையின் வலிமையையும் எல்லையையும் அறிய விரும்புவோர், அவருடைய ஆப்பிரிக்க நூலைத்தான் முதலில் கற்க வேண்டும். அந்நூலை ஒரு கிறித்தவப் பயணியின் எழுத்தாகக் கொண்டு, அயல்நாட்டு வறுமையையும் அயலாரின் விசுவாசத்தையும் அவர் எதிர்கொண்ட முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. பயணமும் நூலும்

சுவைட்சர் அல்சாஸ் பகுதியில், அது ஜெர்மானியப் பேரரசின்கீழ் இருந்த காலத்தில் பிறந்தவர், ஊர்ப்போதகரின் மகன். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தார். ஆர்கன் இசைக் கலைஞராகவும், பாக் என்னும் இசைமேதை பற்றிய நூலின் ஆசிரியராகவும் புகழ்பெற்றார். வரலாற்று இயேசு குறித்து நிகழ்ந்த ஆராய்ச்சிகளை மதிப்பிட்டு 1906இல் அவர் வெளியிட்ட நூல் இறையியல் துறையில் பெரும் விவாதத்தை எழுப்பியது. முப்பது வயதில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1913ஆம் ஆண்டின் இளவேனிலில் தம் மனைவி ஹெலனுடன் காபோனுக்குப் புறப்பட்டார். ஹெலன் செவிலியர் பயிற்சி பெற்றவர்.

அவர் சென்று சேர்ந்த இடம் ஓகோவே ஆற்றங்கரையில் அமைந்த லம்பரேனே மறைப்பணி நிலையம். முன்னர் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையினர் நடத்திய அந்நிலையம், பிரெஞ்சு ஆட்சி வந்தபின் பாரிசு நற்செய்திச் சங்கத்தின் கைக்கு மாறியிருந்தது. சுவைட்சரின் தாராளவாத இறையியலை அச்சங்கத்தார் ஐயுற்றனர். மருத்துவராக மட்டும் பணியாற்ற வேண்டும், போதிக்கக் கூடாது என்னும் நிபந்தனையின் பேரிலேயே அவரை ஏற்றனர். லம்பரேனேயில் இருந்த மறைப்பணியாளர்களே பின்னர் அத்தடையை நீக்கி அவரைப் போதிக்குமாறு வேண்டினர். பிறர் நிலையத்தின் வாயிலில் வாய்மூடி நிற்க ஒப்புக்கொண்ட மனிதராகவே சுவைட்சர் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தார் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

முதல் உலகப்போர் மூண்டதும் பிரெஞ்சு மண்ணில் இருந்த ஜெர்மானியக் குடிமக்கள் என்ற முறையில் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். 1917இல் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்தபோது மருத்துவமனைக்காக வாங்கிய கடன்கள் சுவைட்சரின் தலைமீது இருந்தன. 1920இல் பேராயர் நாதன் சோடர்பிளோமின் அழைப்பை ஏற்றுச் சுவீடன் சென்றவர், சொற்பொழிவுகளாலும் இசைநிகழ்ச்சிகளாலும் அக்கடனை அடைக்க முற்பட்டார். ஆப்பிரிக்க நினைவுகள் நூல்வடிவம் பெற்றது இச்சூழலில்தான். நீருக்கும் ஆதிக்காட்டுக்கும் இடையே எனப் பொருள்படும் தலைப்புடன் 1921இல் ஜெர்மன் பதிப்பும், அடுத்த ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. கடன்பட்டவர் ஒருவர் கடனைப் பற்றி எழுதிய நூல் இது.

3. உவமையின் அமைப்பு: பெயரும் பேச்சும்

கற்பித்தலையும் இசையையும் விட்டுவிட்டு மருத்துவராக ஏன் சென்றார் என்பதற்கு நூலின் தொடக்கத்தில் சுவைட்சர் தரும் விடை லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் உவமை. ஐரோப்பியராகிய நாம் ஐசுவரியவான். மருத்துவ அறிவு நம்மிடம் குவிந்துள்ளது. குடியேற்ற நாடுகளில் வாழும் மக்கள் நம் வாசலில் கிடக்கும் லாசரு. ஐசுவரியவானின் பாவம் கொடுமை அன்று, சிந்தனையின்மை. ஏழையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்காமையே அவன் குற்றம் என்பது சுவைட்சரின் விளக்கம்.

இவ்விளக்கம் கூர்மையானது. வறுமையை ஏழையின் ஊழாகவோ குறையாகவோ கொள்ளாமல், செல்வரின் அறிவுக்குறையாக அது இடம்மாற்றுகிறது. அதேவேளை, உவமையின் கட்டமைப்பில் சுவைட்சர் கவனிக்காத ஒரு கூறு உண்டு. இயேசு கூறியனவாக நற்செய்திகள் தரும் உவமைகளில் இயற்பெயர் பெற்ற மாந்தராக வருபவன் லாசரு. ஆனால் உவமை முழுவதிலும் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஐசுவரியவானுக்குப் பெயர் இல்லை; பேச்சு முழுவதும் அவனுடையது. இறந்து வேதனைப்படும் நிலையிலும் அவன் லாசருவிடம் நேரே பேசுவதில்லை. தன் நாவைக் குளிர்விக்க லாசருவை அனுப்புமாறு ஆபிரகாமிடம் கேட்கிறான். அதாவது லாசருவைப் படர்க்கையில் வைத்தே பேசுகிறான். பெயர் தெரிந்திருந்தும் ஏவலாளாகவே எண்ணுகிறான்.

ஏழையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தல், ஏழையோடு பேசுதல் ஆகியவை வேறு வேறு செயல்கள். முன்னதைச் செல்வர் தனியே தம் மனத்திற்குள் செய்துவிட முடியும். பின்னதற்கு ஏழை வாய்திறக்க வேண்டும். ஐசுவரியவானைக் குற்றஞ்சாட்டச் சுவைட்சர் கையாண்ட அளவுகோல் முன்னதோடு நின்றுவிடுகிறது. அவருடைய நூலைப் பின்னதைக் கொண்டும் அளந்து பார்ப்பது தகும்.

4. கோழிக்கொட்டில்: எண்ணும் கொடையும்

மருத்துவமனைக் கட்டடம் ஆயத்தமாகாத நிலையில் ஒரு பழைய கோழிக்கொட்டிலே சுவைட்சரின் முதல் சிகிச்சையறை ஆயிற்று. கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் இறங்கியதால் அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்ற இயலவில்லை. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 நோயாளிகள் வந்ததாக அவர் எழுதுகிறார். மலேரியா, தூக்கநோய், தொழுநோய், வயிற்றுக்கடுப்பு, ஆறாப்புண், குடலிறக்கம் எனத் தொடரும் நோய்ப்பட்டியலை உணர்ச்சிப்பெருக்கின்றி, ஒரு மருத்துவரின் நிதானத்தோடு அவர் தருகிறார். வறுமையைப் பொதுச்சொல்லாக விடாமல் உடலின் வலியாகக் காட்டுவது நூலின் பெரும் வலிமை.

நோயாளி ஒவ்வொருவருக்கும் நாரில் கோத்த வட்ட அட்டை ஒன்று தரப்படுகிறது. அதில் ஓர் எண் உள்ளது. அவ்வெண்ணின்கீழ் பதிவேட்டில் பெயரும் நோயும் கொடுத்த மருந்தும் குறிக்கப்பட்டிருக்கும். திரும்பி வருபவரின் நோய்வரலாற்றை உடனே கண்டறிய இது உதவியது. பலர் அந்த அட்டையைத் தாயத்துப் போலக் கருதித் தொலைக்காமல் காத்தனர் எனச் சுவைட்சர் மெல்லிய நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். உவமையின் லாசருவுக்கு இருந்த பெயர் இங்கு எண்ணுக்குப் பின்னால் பதிவேட்டுக்குள் செல்கிறது. இதனைக் குற்றமாகச் சுமத்துவதற்கில்லை. எண்ணில்லாத இடத்தில் மருத்துவமும் இல்லை. எனினும் நூலில் நோயாளிகள் பெரும்பாலும் பெயரின்றியே வருகின்றனர் என்பது கவனத்திற்குரியது.

கொடை பற்றிய பகுதி இன்னும் செறிவானது. மருந்துகள் ஐரோப்பிய நண்பர்களின் நன்கொடையால் வருகின்றன. ஆகவே இயன்றவர்கள் பணமாகவோ வாழைக்குலை, முட்டை, கோழி ஆகியனவாகவோ பங்களிக்க வேண்டும் என்று சுவைட்சர் கேட்கிறார். பலர் தருகின்றனர். வேறு சிலரோ, குணமாகிப் புறப்படும் வேளையில் மருத்துவரிடமே அன்பளிப்புக் கேட்கின்றனர். அவர் இப்போது தங்கள் நண்பர் ஆகிவிட்டார் என்பது அவர்கள் கூறும் காரணம். நன்றி பற்றிய கருத்து அவர்களிடம் வேறாக உள்ளது என்று கூறிச் சுவைட்சர் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார்.

ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. சுவைட்சரின் கணக்கில் சிகிச்சை ஒரு கொடை. அதற்கு ஈடாக நன்றியோ பொருளோ திரும்ப வர வேண்டும். அந்நோயாளிகளின் கணக்கில் சிகிச்சை ஓர் உறவின் தொடக்கம். உறவு தொடங்கிய பின்னர் உள்ளவர் இல்லாதவர்க்குத் தருவது இயல்பு. அவர்கள் நன்றி மறந்தவர்கள் அல்லர். நண்பன் என்னும் சொல்லை முழுப்பொருளில் எடுத்துக்கொண்டவர்கள் எனக் கொள்ள இடமுண்டு. நூலின் தொடக்கத்தில் ஐரோப்பா கடன்பட்டது என்று எழுதியவர் சுவைட்சரே. அக்கடனை லாசரு நேரே கேட்கும்போது மட்டும் அது புரியாத வழக்கமாக அவருக்குத் தோன்றுகிறது.

5. அறுவைக்குப் பின்: உடன்பிறந்தோர்

நூலின் உச்சம் எனத் தக்க காட்சி ஓர் அறுவை மருத்துவத்தின் பின் அமைகிறது. குடலிறக்கம் முறுகி உயிருக்குப் போராடிய ஒருவர் கொண்டுவரப்படுகிறார். மயக்கமருந்து கொடுப்பவர் ஹெலன். உடனிருந்து உதவுபவர் யோசேப்பு என்னும் ஆப்பிரிக்க உதவியாளர். அறுவை முடிந்து இருண்ட கொட்டகையில் நோயாளி கண்விழிக்கிறார். வலி போய்விட்டது என்று வியந்து மருத்துவரின் கையைப் பற்றியவர் விடவே இல்லை. தம்மையும் தம் மனைவியையும் இங்கு வரச்சொன்னவர் ஆண்டவர் இயேசு என்றும், இதற்கான பொருளைத் தருபவர்கள் ஐரோப்பாவில் வாழும் வெள்ளையர்கள் என்றும் சுவைட்சர் அங்கிருந்தோர்க்கு எடுத்துரைக்கிறார்.

அப்போது கேள்விகள் எழுகின்றன. அவ்வெள்ளையர்கள் யார்? எங்கு வாழ்கின்றனர்? நாங்கள் நோயால் இவ்வளவு துன்பப்படுகிறோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இக்கேள்விகளை நூல் சுருக்கமாகச் சுட்டிவிட்டுக் கடந்துவிடுகிறது. சுவைட்சர் கூறிய விடைகள் பதிவாகவில்லை. காப்பிச் செடிகளின் ஊடே வெயில் கொட்டகைக்குள் விழ, கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து, நீங்கள் யாவரும் சகோதரர் என்று பொருள்படும் மத்தேயு 23:8 வசனத்தை வாழ்வில் உணர்ந்ததாகக் காட்சி நிறைவுறுகிறது.

மூன்றாம் கேள்வியே நூலின் ஆழமான கேள்வி. துன்பத்தைத் தொலைவிலிருந்து அறிவது எங்ஙனம் என்பது ஐசுவரியவானின் சிந்தனையின்மையைப் பற்றிச் சுவைட்சர் எழுப்பிய அதே வினா. அதனை இங்கு எழுப்புபவர்கள் வாசலில் கிடப்பவர்கள்.

சுவைட்சர் சுட்டும் வசனத்தின் சூழலும் நோக்கத்தக்கது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு, போதகர் என்றும் தந்தை என்றும் தலைவர் என்றும் அழைக்கப்பட விரும்பும் மனப்பான்மையைக் கண்டிக்கிறார். போதகர் ஒருவரே, நீங்களோ யாவரும் உடன்பிறந்தோர் என்பது அக்கண்டனத்தின் பகுதி. ஆகவே அவ்வசனம் பொதுவான அன்புரை மட்டும் அன்று. உடன்பிறந்தோரிடையே உயர்படிகளை விலக்கும் கட்டளையும் ஆகும். புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியில் துறைபோகிய சுவைட்சர் இச்சூழலை அறியாதவர் அல்லர்.

6. மூத்தவன் என்னும் வாய்பாடு

அடுத்து வரும் சமூகச் சிக்கல்கள் பற்றிய இயலில் நூலின் தொனி மாறுகிறது. இவ்வியலின் பொருளியல் நோக்கு இன்றும் மதிக்கத்தக்கது. ஆப்பிரிக்கர் சோம்பேறி என்னும் குடியேற்றக்காரர்களின் பழியைச் சுவைட்சர் மறுக்கிறார். அவர் சோம்பேறி அல்லர், தம் தேவைக்கேற்ப உழைக்கும் சுதந்திரர் என்பது அவர் வாதம். வரியும் வணிகப்பொருளும் மதுவும் புதிய தேவைகளை உண்டாக்கி அவரைக் கூலியுழைப்புக்குத் தள்ளுவதை விளக்குகிறார். மரவணிகம் செழிக்கும்போது ஊரார் தோட்டங்களைக் கைவிட்டு மரம்வெட்டப் போவதால் ஓகோவே பகுதியில் பஞ்சம் நிலைபெறுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். வறுமை இயற்கையில் விளைந்ததன்று, உண்டாக்கப்பட்டது என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

அதே இயலில்தான் ஆப்பிரிக்கரைக் குழந்தை எனக் கூறி, குழந்தைகளிடம் அதிகாரமின்றி எதுவும் நடவாது என்று வாதிடுகிறார். தாம் அவர்க்கு உடன்பிறந்தவரே, ஆனால் மூத்த உடன்பிறந்தவர் என்னும் வாய்பாட்டையும் வகுத்துக்கொள்கிறார். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இக்கருத்தைச் சுட்டிக் கடுமையாகச் சாடினார். அச்சிபியின் எடுத்துரைப்பில் ஆப்பிரிக்கர் படர்க்கையில் இளைய சகோதரராக வருகிறார். சுவைட்சரின் நூலில் வாய்பாடு ஆப்பிரிக்கரை முன்னிலையில் விளித்து அமைந்துள்ளது. உவமையின் ஐசுவரியவானைப் போலன்றிச் சுவைட்சர் லாசருவை நோக்கிப் பேசவே செய்கிறார். ஆனால் அப்பேச்சு விடையை எதிர்பாராத பேச்சு. எனவே அச்சிபியின் சாடலின் சாரம் இவ்வேறுபாட்டால் குறைவதில்லை.

இவ்வாய்பாட்டைத் தமிழில் பெயர்க்க முயலும்போது ஒரு மொழிச்சிக்கல் எழுகிறது. ஜெர்மன் மொழியில் உடன்பிறந்த ஆணைக் குறிக்கும் சொல் வயதைச் சுட்டாது; மூப்பைச் சொல்ல அடைமொழி வேண்டும். ஆகவே ஆனால் என்னும் இணைப்பும் மூத்த என்னும் அடையும் சுவைட்சர் எண்ணிச் சேர்த்தவை. தமிழின் வழக்குச் சொற்களிலோ அண்ணன், தம்பி என்னும் பாகுபாடு சொல்லுக்குள்ளேயே அமைந்துள்ளது. நான் உனக்கு அண்ணன் என்று பெயர்த்தால் ஆனால் மறைந்துவிடும். வாய்பாடு பாசமொழியாக ஒலிக்கும். அதன் உரசலைக் காக்க வேண்டுமாயின், விவிலியத் தமிழின் சகோதரன் என்னும் சொல்லையோ உடன்பிறந்தவன் என்னும் சொல்லையோ கொண்டுதான் எழுத இயலும். தமிழ் விவிலியம் மத்தேயு 23:8இல் சகோதரர் என்னும் சொல்லைக் கையாள்வதால் மூப்பு இளமை அற்ற நிலை அங்குக் காக்கப்படுகிறது. சுவைட்சரின் வாய்பாடு அவ்வசனத்தின் சகோதரனை அண்ணனாகவும் தம்பியாகவும் பிரிக்கிறது. வசனம் விலக்கிய படியை மீண்டும் கட்டுகிறது.

மூப்பு என்பது அதிகாரத்தோடு கடமையையும் சுமப்பது. எனவே சுவைட்சரின் வாய்பாட்டில் பொறுப்புணர்வே மேலோங்கியது என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தம் வாழ்நாளின் பெரும்பகுதியை லம்பரேனேக்கு அளித்து அங்கேயே மறைந்தவர் அவர். ஆயினும் குடும்பத்தில் மூப்பு பிறப்பால் அமைவது. ஒருவர் தாமே அறிவித்துக்கொள்வதன்று. இளையவராகக் குறிக்கப்பட்டவரின் இசைவும் இவ்வாய்பாட்டில் கேட்கப்படவில்லை.

வாய்பாட்டுக்குச் சான்றாக அவர் கூறும் நிகழ்ச்சி அதற்கே எதிராகத் திரும்புகிறது. மறைப்பணியாளர் ஒருவர் ஆப்பிரிக்கரோடு முற்றிலும் உடன்பிறந்தவராய் வாழ விரும்பி, நிலையத்தை விட்டு நீங்கி, ஊரருகே சிறுவீடு கட்டிக் குடியேறினார். அன்றுமுதல் அவர் செல்வாக்கு அழிந்தது. அவர் சொல் வெள்ளையரின் சொல்லாக மதிக்கப்படவில்லை. ஒவ்வொன்றையும் ஊராரோடு நெடுநேரம் வாதிட்டே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இதனைச் சுவைட்சர் ஒரு தோல்வியாகக் காட்டுகிறார். ஊரார் அவரைத் துன்புறுத்தினர் என்பதன்று, தம்முள் ஒருவராக நடத்தினர் என்பதே இந்நிகழ்ச்சி தரும் செய்தி. தம்முள் ஒருவரோடுதான் மனிதர் வாதிடுவர். அம்மறைப்பணியாளர் இழந்தது உடன்பிறந்தவர் ஒருவர்க்கு உரியதாக இருந்திராத ஒரு சலுகையை மட்டுமே.

7. லாசரு பேசும் இடங்கள்

வாய்பாட்டை மறுக்கும் குரல்கள் நூலுக்குள்ளேயே உள்ளன. அவற்றுள் முதன்மையானது யோசேப்பின் குரல். முன்னர்ச் சமையற்காரராக இருந்த அவர் பல மொழிகள் அறிந்தவர். நோயாளியின் உடலுறுப்புகளை இறைச்சித் துண்டுகளின் பெயரால் குறிப்பவர். வலத்தொடையில் வலி என்பதை ஆட்டுத்தொடையில் வலி என மொழிபெயர்ப்பவர். எழுதப் படிக்கத் தெரியாவிடினும் குப்பிகளின் மேலுள்ள எழுத்துகளின் தோற்றத்தை நினைவில் கொண்டு மருந்தைத் தவறாமல் எடுத்துத் தருபவர். இவற்றைச் சுவைட்சர் சுவைபடச் சொல்கிறார். ஆனால் யோசேப்பு வேடிக்கைக்குரிய மாந்தராக மட்டும் நிற்கவில்லை. இறக்கும் நிலையிலுள்ளோரை ஏற்றுச் சிகிச்சை செய்வது மருத்துவரின் பெயரைக் கெடுக்கும் என்று அறிவுரை கூறுகிறார். உள்ளூர் வைத்தியர்கள் அத்தகையோரை ஏற்பதில்லை என்பதைச் சுட்டுகிறார். அறிவுரை தரும் இடத்தில் மூத்தவர் யார் என்னும் கேள்வி எழாமல் இராது.

போர்க்காலத்தில் பணமின்மையால் யோசேப்பின் ஊதியம் பாதியாகக் குறைக்கப்பட்டது. அவ்வளவு குறைந்த தொகைக்குப் பணிசெய்வது தம் மதிப்புக்கு ஒவ்வாது என்று கூறி அவர் விலகிச் சென்றார். சேமித்த பணத்தை அவர் விரைவில் செலவழித்துவிட்டதாகச் சுவைட்சர் சற்றே குறைகூறும் தொனியில் எழுதுகிறார். நூலில் பெயரும் பேச்சும் ஒருங்கே பெற்ற ஆப்பிரிக்கர்களுள் முதல்வர் யோசேப்பு. அவர் தம் மதிப்பை முன்வைத்து மறுக்கிறார். குழந்தை என்னும் உருவகம் இம்மறுப்பின்முன் நிற்க இயலாது.

மற்றொரு குரல் பெயரற்ற முதியவர் ஒருவருடையது. ஓகோவே பகுதியிலிருந்து போருக்கு அழைக்கப்பட்ட வெள்ளையருள் பத்துப்பேர் மாண்டனர் என்னும் செய்தி வருகிறது. பகுயின் இனத்து முதியவர் ஒருவர் திடுக்கிட்டு, அப்படியானால் அந்த இனங்கள் ஏன் கூடிப் பேசவில்லை, இத்தனை பேருக்கும் எப்படி ஈடு கொடுப்பார்கள் என்று கேட்கிறார். போரில் வீழ்ந்தோர் அனைவர்க்கும், வென்ற பக்கத்தாராயினும் தோற்ற பக்கத்தாராயினும், எதிர்த்தரப்பினர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. அன்பின் நற்செய்தியைக் கொண்டுவந்தவர்கள் ஒருவரையொருவர் கொல்வது ஏன் என்னும் கேள்வி அங்குப் பலர் உள்ளத்திலும் இருந்ததைச் சுவைட்சர் உணர்ந்திருந்தார். அதற்கு விடை கூற இயலாத தம் நிலையையும் மறைக்கவில்லை. பயணியின் விசுவாசம் அயலாரின் கண்களில் சோதனைக்கு உள்ளாகும் இடம் இது.

நூலின் இறுதியில் சுவைட்சர் கூறும் கருத்து இம்முதியவரின் கேள்வியோடு வைத்து எண்ணத்தக்கது. ஆப்பிரிக்கர்க்குச் செய்யும் உதவி தருமம் அன்று, கழுவாய் என்கிறார் அவர். துன்பம் விளைத்துச் சென்ற ஒவ்வொருவர்க்கும் ஈடாக உதவி கொண்டுசெல்லும் ஒருவர் போக வேண்டும்; அவ்வாறு முடிந்ததனைத்தும் செய்த பின்னும் குற்றத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கும் தீர்ந்திராது என்பது அவர் முடிவு. இறந்தோர்க்கு ஈடு எங்கே என்று முதியவர் கேட்டதும் இதுவே. ஐரோப்பிய இறையியலாளர் நூலின் முடிவில் எட்டிய அறத்தை, அவர் குழந்தை என்று கருதிய மக்களுள் ஒருவர் தம் மரபிலிருந்து முன்னரே பேசிவிட்டார். சுவைட்சர் இவ்விரண்டையும் தொடர்புபடுத்தவில்லை. ஆனால் இரண்டையும் நேர்மையாகப் பதிவுசெய்திருப்பதால் தொடர்பைக் காணும் வாய்ப்பு வாசகர்க்குக் கிட்டுகிறது.

8. குறளின் இரவச்சம்

சுவைட்சர் பிற்காலத்தில் போற்றிய குறள் இவ்விடத்தில் ஒரு திறனாய்வுக் கருவியாகப் பயன்படுகிறது. குறளின் ஒப்புரவறிதல், ஈகை ஆகிய அதிகாரங்கள் கொடுப்போரின் கடமையைப் பேசுகின்றன; மழைபோலக் கைம்மாறு கருதாமல் செய்வதே கடமை என்று தொடங்குகிறது ஒப்புரவறிதல். சுவைட்சர் பாராட்டிய அன்பறத்தோடு இவை இயைகின்றன.

ஆனால் குறள் அத்துடன் நிற்கவில்லை. நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்களில் அது இல்லாதவரின் பக்கத்திற்குப் பெயர்கிறது. பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதாயினும் நாவுக்கு அதனினும் இழிவு வேறில்லை என்னும் கருத்துடைய குறள் (1066), கேட்கும் நாவின் கூச்சத்தை உள்ளிருந்து அறிந்து பேசுகிறது. இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்பது விதியாயின் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்னும் கருத்துடைய குறள் (1062), ஏழையின் நன்றியை அன்று, சினத்தைப் பேசுகிறது. லாசரு வாய்திறந்திருந்தால் கூறியிருக்கக்கூடிய சொல் இது.

கொடுப்போனின் அறத்தோடு இரப்போனின் மானமும் சேர்ந்தபோதே குறளின் அறம் முழுமையடைகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் லம்பரேனே நூலின் குறை தெளிவாகிறது: ஈகை அதிகாரத்தின் உயரத்தை எட்டிய அந்நூல் இரவச்சத்தின் வாசலில் நின்றுவிட்டது. நண்பர் என்பதால் அன்பளிப்புக் கேட்டவரும், மதிப்பை முன்வைத்து விலகிய யோசேப்பும் அவ்வாசலுக்கு உள்ளேயிருந்து பேசியவர்கள்.

9. முடிவுரை

சுவைட்சரின் நூல் ஐசுவரியவானின் சிந்தனையின்மையை முறியடிக்க எழுந்தது. வறுமையை உடல்வலியாகவும் வரலாற்றுக் குற்றமாகவும் காட்டுவதில் அது வெற்றிபெறுகிறது. உடன்பிறந்தோர் என்னும் விவிலியச் சொல்லைக் கொட்டகை இருளில் உணர்ந்த அதே மனிதர், சில பக்கங்களுக்குப் பின் அச்சொல்லுக்குள் மூப்பைச் செருகுகிறார். அச்செருகலை மறுப்பதற்கு வெளிச்சான்று தேவையில்லை; ஊராரின் மூன்றாம் கேள்வி, வாதிடும் ஊர், யோசேப்பின் விலகல், முதியவரின் வினா ஆகிய அகச்சான்றுகளே போதும். தம் வாய்பாட்டுக்கு ஒவ்வாதவற்றையும் நீக்காமல் எழுதிவைத்த நேர்மையே இந்நூலை இன்றும் கற்கத்தக்கதாக்குகிறது.

இதனால் தமிழாய்வுக்கு ஒரு பொறுப்பும் எழுகிறது. குறளுக்குச் சுவைட்சர் தந்த நற்சான்றைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும்போது, நாமும் அறியாமலே மூத்தவர் ஒருவரின் ஒப்புதலை நாடும் இளையவராக நின்றுவிடுகிறோம். அம்மதிப்பீட்டைத் தள்ள வேண்டியதில்லை. குறளைச் சுவைட்சர் அளந்தவாறு, சுவைட்சரைக் குறளால் அளக்கும் துணிவும் நமக்கு வேண்டும். உடன்பிறந்தோரிடையே நிகழ வேண்டிய உரையாடல் அத்தகையதே.